கோடை முடிவில் பனியாற்றின் மேல் எவ்வளவு வெண்பனி மிஞ்சுகிறது: செயற்கைக்கோள் படத்தில் அளப்பது எப்படி

பனியாறு தேய்கிறதா என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் முதலில் அதன் கீழ்முனையைத்தான் பார்க்கிறார்கள். முனை இத்தனை மீட்டர் பின்வாங்கியது என்று சொன்னால் எல்லோருக்கும் உடனே புரியும். ஆனால் கீழ்முனை காட்டுவது பழைய கதை. பனியாறு பெரிதாக இருந்தால் பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்த தட்பவெப்ப மாற்றத்துக்கே முனை இன்று நகர்ந்துகொண்டிருக்கும். இந்த வருடக் கணக்கு லாபத்தில் முடிந்ததா நஷ்டத்தில் முடிந்ததா என்று தெரிய வேண்டுமானால், கோடை முடியும் நாளில் அதன் மேல் எவ்வளவு வெண்பனி மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் விழுந்த வெண்பனி கோடையில் கீழேயிருந்து மேல்நோக்கி உருகிக்கொண்டே போகும். உருகல் நிற்கும் சமயத்தில் கீழே வெறும் பனிக்கட்டி, மேலே வெண்பனி, நடுவே ஒரு எல்லை. இதுதான் பனிக்கோடு. பனிக்கட்டியின் வெப்பநிலை உருகுநிலையை ஒட்டியிருக்கும் பனியாறுகளில் இந்தக் கோட்டின் உயரம் அந்த வருடத்தின் சமநிலைக் கோட்டின் (அந்த வருடம் சேர்ந்த பனியும் இழந்த பனியும் சமமாக இருக்கும் இடம்) உயரத்துக்கு மிக நெருக்கமாக வரும். கடுங்குளிர்ப் பனியாறுகளில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே உருகிய நீர் கீழே போய் மறுபடி உறைந்து பனிக்கட்டியாகவே சேர்ந்துவிடும். அந்தச் சேமிப்பு படத்தில் வெண்பனியாகத் தெரியாது.

மலைப் பனியைச் செயற்கைக்கோளில் கண்காணிக்கும் வேலையில் கணக்கு எளிது. கடினமானது வேறு: நாம் காணும் மாற்றம் பனியில் நடந்ததா, இல்லை கருவியிலும் கோப்பு வடிவத்திலும் படங்களின் எண்ணிக்கையிலும் நடந்ததா என்று பிரித்துப் பார்ப்பது. இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

எந்தப் படத்தை எடுப்பது

நீண்ட காலத் தொடருக்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களை விட்டால் வேறு வழியில்லை. 1984இல் ஏவிய லேண்ட்சாட் 5 தொடங்கி, 1999இல் 7, 2013இல் 8, 2021இல் 9 என்று 30 மீட்டர் பிக்சலில் ஒரே சங்கிலி கிடைக்கிறது. ஒரு செயற்கைக்கோள் ஒரே இடத்துக்குத் திரும்ப 16 நாள் ஆகும். 8, 9 இரண்டையும் சேர்த்தால் 8 நாள். ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசையில் முதலாவது 2015இல், இரண்டாவது 2017இல் பறந்தது. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு படம் தருகின்றன. காணும் ஒளிப் பட்டைகள் 10 மீட்டர், நமக்குத் தேவையான குறுஅலை அகச்சிவப்புப் பட்டை 20 மீட்டர். நாசாவின் டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி 2000 முதல் தினமும் 500 மீட்டரில் படம் தருகிறது. இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்களில் உள்ள ஏவிஃப்ஸ் கருவி 56 மீட்டர் பிக்சலில் 740 கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் படம் பிடிக்கும். அதில் குறுஅலைப் பட்டையும் உண்டு. ஒரு முழு ஆற்றுப்படுகையின் பனிப்பரப்புக்கு மிகப் பொருத்தமான கருவி அது.

தனிப் பனியாறு ஒன்றுக்கு மோடிஸ் போதாது. 500 மீட்டர் பிக்சல் என்றால் 25 ஹெக்டேர். 2 சதுர கி.மீ. பனியாற்றில் மொத்தமே எட்டு பிக்சல்தான், எட்டும் பாறையோடு கலந்த பிக்சல்கள். படத்தின் ஓரத்துக்குப் போகப் போக ஒவ்வொரு பிக்சலும் தரையில் பல மடங்கு பெரிதாகிவிடும். ஆனாலும் மோடிஸை ஒதுக்க வேண்டாம். லேண்ட்சாட் படம் எடுத்த நாளுக்கு முந்தைய வாரத்தில் புதுப்பனி விழுந்ததா என்று பார்க்க அந்தத் தினசரிப் படங்களைப் போல உதவுவது வேறில்லை. அக்வா செயற்கைக்கோளின் 6ஆம் பட்டையில் உணரிகள் பெரும்பாலும் பழுதானவை. பனிக்கு டெர்ராவையே முதலில் எடுங்கள். அதிலும் ஒரு கவனம் தேவை: 2020க்குப் பிறகு டெர்ராவின் பாதையைச் சரிசெய்வது நிறுத்தப்பட்டதால், அது கடக்கும் நேரம் படிப்படியாக முன்னே நகர்கிறது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது எடுத்த படத்தில் நிழல் நீளும்.

குறியீடும் அதன் வரம்பும்

வெண்பனி காணும் ஒளியில் பளிச்சென்றிருக்கும். 1.6 மைக்ரோமீட்டர் அருகே குறுஅலை அகச்சிவப்பில் அதுவே கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் அந்த அலைநீளத்தைப் பனிப்படிகம் உறிஞ்சிவிடுகிறது. நீர்த்துளிகளால் ஆன மேகம் இரண்டிலுமே பளிச்சிடும். இந்த வேறுபாட்டை எண்ணாக்குவதுதான் என்.டி.எஸ்.ஐ. குறியீடு:

(பச்சை − குறுஅலை) ÷ (பச்சை + குறுஅலை)

சென்டினல்-2இல் 3ஆம், 11ஆம் பட்டைகள். லேண்ட்சாட் 8, 9இல் 3ஆம், 6ஆம் பட்டைகள். லேண்ட்சாட் 5, 7இல் 2ஆம், 5ஆம் பட்டைகள். சென்டினலில் பச்சை 10 மீட்டர், குறுஅலை 20 மீட்டர் என்பதால், பச்சையைச் சராசரி எடுத்து 20 மீட்டருக்கு இறக்குங்கள். குறுஅலையை 10 மீட்டருக்கு ஏற்றினால் கூர்மை கூடியதுபோலத் தோன்றும், ஆனால் தகவல் ஒன்றும் கூடியிருக்காது. பாறை விளிம்புகளில் பொய்ப் பனி மட்டும் முளைக்கும்.

0.4க்கு மேல் இருந்தால் பனி என்பது வழக்கமான வரம்பு. தெளிந்த ஏரிநீரும் இந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், அண்மை அகச்சிவப்பில் பிரதிபலிப்பு 0.11க்கு மேல் இருக்க வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனையையும் சேர்ப்பார்கள். பனியாற்று எல்லைக்குள் மட்டும் வேலை செய்தாலும் இதை விடக்கூடாது, பனியாறுகளின் மேலேயே சிறு ஏரிகள் இருக்கும். 0.4ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஃபிரான்சின் தெயா தரவு மையம் சென்டினல்-2க்குப் பயன்படுத்தும் முறை இரண்டு சுற்றில் ஓடுகிறது. முதல் சுற்றில் 0.4 என்ற கறார் வரம்பை வைத்து, அந்தப் படத்தில் பனி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று காண்கிறது. இரண்டாவது சுற்றில் அந்த உயரத்துக்கு மேலே மட்டும் வரம்பை 0.15க்குத் தளர்த்துகிறது. நிழலிலும் அழுக்கிலும் கிடக்கும் பனியை இது மீட்டுவிடும், பள்ளத்தாக்கில் பொய்ப் பனியைக் கூட்டாது. உயரத்தைப் பார்த்து வரம்பை மாற்றும் இந்த யோசனை மலைக்கு மிகவும் ஏற்றது.

2022க்குப் பிறகு பனி குறைந்ததுபோல் காட்டும் 1000

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு கண்ணுக்குத் தெரியாமலே நடக்கும். சென்டினல்-2 படங்களில் பிக்சல் எண்ணை 10,000ஆல் வகுத்தால் பிரதிபலிப்பு கிடைக்கும் என்பதுதான் பழைய கணக்கு. 2022 ஜனவரி 25 முதல் வந்த செயலாக்கப் பதிப்பு 04.00இல் எல்லா எண்களோடும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. முதலில் 1000ஐக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

கழிக்காவிட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வெயிலில் கிடக்கும் பனி: பச்சை 0.80, குறுஅலை 0.08. சரியான குறியீடு 0.82. கழிக்காத எண்கள் 9000, 1800. குறியீடு 0.67. இன்னும் 0.4க்கு மேல்தான், எனவே படம் சரியாகவே தெரியும். இப்போது நிழலில் கிடக்கும் பனி: பச்சை 0.15, குறுஅலை 0.05. சரியான குறியீடு 0.50, அதாவது பனி. கழிக்காத எண்கள் 2500, 1500. குறியீடு 0.25. பனி காணாமல் போய்விட்டது. வெயில்பட்ட சரிவில் ஒன்றும் மாறாமல், நிழற்சரிவிலும் அழுக்குப் பனியிலும் மட்டும் பரப்பு குறைகிறது. வரைபடத்தில் 2022இலிருந்து ஒரு படி இறங்கும். பார்ப்பவர் வெப்பமயமாதல் என்று நம்பிவிடுவார்.

படம் எடுத்த தேதியை வைத்து இதைத் திருத்த முயல வேண்டாம். பழைய படங்களையும் 05.00 பதிப்பில் மறுசெயலாக்கம் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். 2018 படத்திலும் அந்த 1000 இருக்கலாம். கோப்பின் பெயரில் ‘என்’ எழுத்துக்குப் பின் வரும் நான்கு இலக்கங்கள் 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். கூகுள் எர்த் எஞ்சினில் வேலை செய்பவர்கள் ‘ஹார்மனைஸ்டு’ என்று முடியும் தொகுப்பை எடுத்தால் அங்கே இது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருக்கும். அதில் இன்னொரு முறை 1000 கழிப்பதும் அதே அளவு கெடுதல்.

லேண்ட்சாட்டிலும் இதே சங்கதி உண்டு. கலெக்ஷன் 2, லெவல் 2 கோப்பில் பிக்சல் எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழிக்க வேண்டும். விகிதம்தானே எடுக்கிறோம், அளவுமாற்றம் எதற்கு என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெருக்கல் மட்டும் இருந்தால் விகிதத்தில் அது அடிபட்டுப் போகும். கழித்தல் அடிபடாது. பச்சை 0.8, குறுஅலை 0.1 உள்ள பனிக்கு உண்மைக் குறியீடு 0.78. நேரடி எண்களில் எடுத்தால் 0.54.

மேக வடிகட்டியை நம்பும் முன்

தளங்கள் தரும் மேக வடிகட்டிகள் காட்டுக்கும் வயலுக்கும் நன்றாக உழைப்பவை. பனியில் தடுமாறும். பளிச்சென்ற வெண்பனியை மேகம் என்று சொல்லும், பனிக்கட்டியும் வெண்பனியும் சந்திக்கும் இடத்தில் இன்னும் மோசம். அதாவது நமக்குத் தேவையான கோட்டின் மேலேயே ஓட்டை போட்டு வைக்கும். எந்த வடிகட்டியானாலும் ஒரு சோதனை செய்துவிட்டு எடுங்கள். மேகமே இல்லை என்று கண்ணால் உறுதிசெய்த நாலைந்து படங்களில், பனியாற்று எல்லைக்குள் எத்தனை விழுக்காட்டை அது மேகம் என்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் பனியாற்றுக்கு அந்த வடிகட்டி ஆகாது.

மெல்லிய உயர்மேகத்தைக் காட்ட 1.38 மைக்ரோமீட்டர் பட்டை ஒன்று இருக்கிறது. காற்றிலுள்ள நீராவி அந்த அலைநீளத்தில் தரையை மறைத்துவிடும், அதனால் தெரிவதெல்லாம் உயரத்து மேகம் என்பது அதன் தத்துவம். 5000 மீட்டருக்கு மேல் நீராவி மிகக் குறைவு. தரையே தெரியத் தொடங்கிவிடும். உயரமான பனிமுகடுகள் மேகம் என்று குறிக்கப்படுவது இதனால்தான். இமயத்தில் இந்தப் பட்டையை வைத்துப் பிக்சல்களை நீக்கினால் பனிச் சேமிப்புப் பகுதி முழுவதும் போய்விடும்.

‘மேகம் 20 விழுக்காட்டுக்குக் கீழ்’ என்று படத்தையே வடிகட்டித் தேடுவதும் நட்டம். சென்டினல் படத்துண்டு ஒன்று 110 கிலோமீட்டர் சதுரம். அதில் 70 விழுக்காடு மேகம் இருந்தாலும் நம் பனியாறு வெளிச்சமாக இருக்கலாம். பருவமழைக் காலத்தில் பள்ளத்தாக்குகள் மூடிக்கிடக்க மேல்பகுதி மட்டும் திறந்திருக்கும் நாள்கள் கிடைக்கும். எல்லாப் படத்தையும் எடுத்து, பனியாற்று எல்லைக்குள் மட்டும் மேக அளவைக் கணக்கிடுங்கள்.

கடைசி முடிவு கண்ணுக்குத்தான். குறுஅலை, அண்மை அகச்சிவப்பு, சிவப்பு மூன்றையும் இதே வரிசையில் சிவப்பு, பச்சை, நீல இடங்களில் வைத்துப் படத்தைத் திறந்தால் வெண்பனி வெளிர்நீலப்பச்சையாகவும், வெறும் பனிக்கட்டி அடர்நீலமாகவும், நீர்மேகம் வெள்ளையாகவும் தெரியும். ஒரு பனியாற்றுக்கு வருடத்துக்கு இருபது முப்பது படங்கள்தான் தேறும். அவ்வளவையும் ஒரு மாலையில் பார்த்துவிடலாம். இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது.

வெண்பனியையும் பனிக்கட்டியையும் பிரிப்பது

என்.டி.எஸ்.ஐ. இந்த இரண்டையும் பிரிக்காது. இரண்டுக்குமே குறியீடு உயரமாக வரும். கோடை நடுவில் பனியாறு முழுவதும் பனி மூடியிருக்கிறது என்று அது சொன்னால், பாறை அல்லாத பகுதி முழுவதையும் அப்படிச் சொல்கிறது என்று அர்த்தம். பிரித்துக் காட்டுவது அண்மை அகச்சிவப்பு. புதுப்பனி அதில் 0.8ஐ ஒட்டிப் பிரதிபலிக்கும். பழுத்த, பரல் பெருத்த வெண்பனி 0.6 பக்கம் வரும். வெறும் பனிக்கட்டி 0.4க்குக் கீழே இறங்கும், அழுக்கானால் இன்னும் கீழே.

ஒரே எண்ணை எல்லாப் படத்துக்கும் வரம்பாக வைக்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து இரண்டு மேடுகளுக்கு நடுவே வெட்டும் ஓட்சு முறைதான் பரவலாகப் பயன்படுகிறது. அதன் குறையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்: மேடு ஒன்றுதான் இருந்தாலும் அது வெட்டியே தீரும். கோடை தொடக்கத்தில் பனியாறு முழுக்க வெண்பனியாக இருக்கும்போது, வெயில்பட்ட வெண்பனி ஒரு பக்கம், நிழல்பட்ட வெண்பனி மறுபக்கம் என்று பிரித்து, இல்லாத பனிக்கோடு ஒன்றை வரைந்துவிடும். எனவே முதலில் நிழலை நீக்குங்கள். அப்புறம் வெட்டிய இரண்டு பக்கங்களின் சராசரியைப் பாருங்கள். இடைவெளி 0.15க்குக் குறைவு என்றால் அந்தப் படத்தில் கோடு இல்லை என்று எழுதிவைப்பதே நல்லது.

சரிவு இன்னொரு தொல்லை. சூரியனுக்கு முதுகைக் காட்டும் சரிவில் வெண்பனியும் மங்கலாகத்தான் இருக்கும், பனிக்கட்டி என்று நினைத்துவிடலாம். நிலத்தின் சாய்வுக்கேற்ப ஒளியைத் திருத்த வேண்டும். ஆனால் வெறும் கோசைன் திருத்தம் ஒளி மிகக் குறைந்த சரிவுகளில் மிகையாகத் திருத்திப் பளிச்சென்ற திட்டுகளை உண்டாக்கும். சூரியன் சாய்வாகப் படும் பிக்சல்களைத் திருத்த முயல்வதைவிட ‘தரவு இல்லை’ என்று ஒதுக்குவதே மேல். போன வருடமும் அதற்கு முன்பும் விழுந்து மிஞ்சிய வெண்பனி இறுகிய ஃபிர்ன் இன்னொரு சிக்கல். அது வெண்பனிக்கும் பனிக்கட்டிக்கும் நடுவில் மங்கலான மூன்றாவது பட்டையாகத் தெரியும். மோசமான வருடத்தில் அதை இந்த வருடப் பனி என்று எடுத்துக்கொண்டால் கோடு தாழ்வாக வந்து, மோசமான வருடம் நல்ல வருடமாகிவிடும். முந்தைய இரண்டு வருடங்களின் கோடை முடிவுப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஃபிர்ன் விளிம்பு பழைய பனிக்கோடு இருந்த இடத்திலேயே நிற்பது தெரியும்.

கோட்டின் உயரத்தைப் படிப்பது

வெண்பனி, பனிக்கட்டி வரைபடம் கிடைத்ததும் உயர மாதிரியை (ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் தரும் தரவு) அதன் மேல் வைத்து, பனியாற்றை 20 மீட்டர் உயரப் படிகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் தெளிவாகத் தெரியும் பிக்சல்களில் எத்தனை விழுக்காடு வெண்பனி என்று கணக்கிடுங்கள். பாதிக்கு மேல் வெண்பனி உள்ள படிகள் தொடர்ந்து ஐந்து வந்தால், அந்த ஐந்தில் முதல் படிதான் பனிக்கோடு.

உதாரணத்துக்கு ஒரு படம். 5000 மீட்டரில் தொடங்கும் படியில் வெண்பனி 22 விழுக்காடு, 5020இல் 41, 5040இல் 57, 5060இல் 49, 5080இல் 63, அதற்கு மேல் 71, 78, 84, 90. பாதியை முதலில் தாண்டுவது 5040. ஆனால் அடுத்த படியே கீழே இறங்கிவிட்டது. பக்கச் சரிவிலிருந்து சரிந்து விழுந்த பனிக்குவியல் இப்படித்தான் காட்டும். 5080இலிருந்துதான் ஐந்தும் தொடர்கின்றன, எனவே அந்தப் படியின் நடு உயரத்தை எடுத்து, கோடு 5090 மீட்டர் என்று எழுத வேண்டும். ஐந்து படி என்ற நிபந்தனை இல்லாவிட்டால் 40 மீட்டர் தாழ்வாக எழுதியிருப்போம். மேகத்தாலோ நிழலாலோ பாதிக்கு மேல் மறைந்த படியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். லேண்ட்சாட் 7இல் 2003 மே மாதம் ஸ்கேன் திருத்தி பழுதானதால் ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கோடுகோடாக இல்லாமல் போனது. அந்தக் கோடுகளைப் பக்கத்துப் பிக்சலால் நிரப்பாமல் இப்படி விழுக்காடாகக் கணக்கிட்டால் அந்தப் படங்களும் பயன்படும்.

உயர மாதிரியில் ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.ஆர்.டி.எம். என்ற மாதிரி 2000 பிப்ரவரியில் எடுத்தது. கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் மாதிரி 2011 முதல் 2015 வரை எடுத்த ரேடார் தரவிலிருந்து வந்தது. பனியாற்றின் கீழ்ப்பகுதி வருடத்துக்கு ஒரு மீட்டர் தாழ்ந்திருந்தால், 2000ஆம் வருட மாதிரியில் இன்றைய உயரத்தைப் படிக்கும்போது 25 மீட்டர் அதிகமாக வரும். இரண்டு மாதிரிகளும் வெவ்வேறு ஜியாய்டுகளை (உயரத்தை அளக்கத் தொடங்கும் கடல்மட்டப் பரப்பு) அடிப்படையாகக் கொண்டவை, நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் தொடரில் படி விழும்.

பனியாற்று எல்லைக்கு ராண்டால்ஃப் பட்டியல் இருக்கிறது. 2023இல் வந்த 7ஆம் பதிப்பில் 2 லட்சத்து 74 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பனியாறுகள் உள்ளன. ஆனால் எல்லைகள் 2000ஆம் வருடத்தை ஒட்டியவை. இன்று விளிம்புகளில் பாறை வெளிப்பட்டிருக்கும். வெண்பனிப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் தொடர்ந்து அளக்க இந்த நிலையான எல்லை சரி. மொத்தப் பரப்பில் சேமிப்புப் பகுதி எத்தனை பங்கு என்ற விகிதத்துக்கு எல்லையைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பாறையும் ‘வெண்பனி இல்லாத பனியாறு’ என்று சேர்ந்து விகிதம் தானாகக் குறையும். கல்லும் மண்ணும் மூடிய கீழ்ப்பகுதியை எந்த ஒளிக்குறியீடும் பனி என்று காட்டாது. கங்கோத்ரி போன்ற பனியாறுகளில் அந்தப் பகுதி மிக நீளம். நல்லவேளை, பனிக்கோடு அதற்கு வெகு மேலே இருப்பதால் இந்த வேலைக்கு அது அதிகம் குறுக்கே வராது.

பரப்பளவை யு.டி.எம். வரைபட அமைப்பில்தான் கணக்கிட வேண்டும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டரில் கணக்கிட்டால் 30 டிகிரி அட்சத்தில் 1.33 மடங்கும், 60 டிகிரியில் 4 மடங்கும் கூடுதலாக வரும். பிழையையும் சேர்த்து எழுதுங்கள். சுற்றளவு 14 கி.மீ. உள்ள 5 சதுர கி.மீ. பனியாற்றில், விளிம்பு நெடுக அரைப் பிக்சல், அதாவது 15 மீட்டர், முன்பின்னாக இருந்தாலே 0.21 சதுர கி.மீ. மாறும். அது 4 விழுக்காடு. அதற்குக் குறைவான வருட மாற்றத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பது நேர்மை.

எந்த நாளின் படம்

ஆல்ப்ஸில் ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். மேற்கு இமயத்தில் குளிர்காலப் பனிதான் பெரும்பங்கு, அங்கே செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும். நடு, கிழக்கு இமயத்தில் சிக்கல் அதிகம்: அங்கே பனி சேர்வதும் உருகுவதும் ஒரே பருவமழைக் காலத்தில் நடக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம். திறந்த முதல் படம் அக்டோபரில் கிடைக்கும்போது புதுப்பனி கோட்டை மூடியிருக்கலாம். ஆகவே ஒரே தேதிப் படத்தை எல்லா வருடத்துக்கும் ஒப்பிடுவது பலன் தராது. பருவம் முழுவதும் கிடைத்த படங்களில் கோடு மிக உயரத்தில் இருந்த நாளை எடுக்க வேண்டும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. 1990களில் ஒரு கோடைக்கு ஒன்றோ இரண்டோ தெளிவான படம்தான் கிடைக்கும். 2017க்குப் பிறகு லேண்ட்சாட்டும் சென்டினலும் சேர்ந்து பத்து, பதினைந்து. படம் கூடக்கூட, உச்ச உயரத்தைப் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். பனியில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால்கூட, வெறும் படங்களின் எண்ணிக்கையால் பனிக்கோடு வருடா வருடம் ஏறுவதுபோல் தெரியும். சோதிக்க வழி: அண்மைக் கால வருடங்களிலிருந்து படங்களைக் குலுக்கல் முறையில் நீக்கி, 1990களில் இருந்த எண்ணிக்கைக்குக் கொண்டுவாருங்கள். அதை நூறு தடவை திரும்பச் செய்து, ஒவ்வொரு தடவையும் ஏற்றத்தின் வேகத்தைக் கணக்கிடுங்கள். முழுத் தரவில் வந்த வேகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் படங்களின் எண்ணிக்கை சேர்த்த பொய். ஏற்றம் அதற்குப் பிறகும் நின்றால் அதை வெளியே சொல்லலாம். ஏற்றத்தைக் கணக்கிட சென் சரிவும், உறுதியைச் சோதிக்க மான்–கெண்டால் சோதனையும் போதும்.

மேகம் விடவே விடாத இடங்களில் சென்டினல்-1 ரேடார் கைகொடுக்கும். ஈரமான பனி ரேடார் அலையை விழுங்கிவிடும். உலர்ந்த நாளின் படத்தோடு ஒப்பிட்டு 3 டெசிபெல் குறைந்த இடத்தை ஈரப்பனி என்று குறிப்பது வழக்கம். இரண்டு படமும் ஒரே பாதையில், ஒரே திசையில் எடுத்ததாக இருக்க வேண்டும். உலர்ந்த வெண்பனி அந்த அலைக்குக் கண்ணாடி போன்றது, தெரியாது. எனவே இது பனிப்பரப்பைத் தராது, உருகல் எந்த உயரம் வரை ஏறியது என்பதை மட்டும் தரும். அதையும் பனிக்கோட்டையும் ஒரே தொடரில் கலக்கக் கூடாது.

முடிவைக் களத் தரவோடு ஒப்பிடுவது நல்லது. லாஹௌலில் உள்ள சோட்டா சிக்ரியில் 2002 முதல், ஆஸ்திரியாவின் ஹின்டரைஸ்ஃபெர்னரில் 1950களின் தொடக்கம் முதல், நேரடி அளவீடு நடக்கிறது. சூரிச்சிலுள்ள உலகப் பனியாறு கண்காணிப்பு மையம் இப்படிப்பட்ட தரவை இலவசமாகத் தருகிறது. உங்கள் முறையை முதலில் அந்தப் பனியாறுகளில் ஓட்டிப் பாருங்கள், பிறகு யாரும் அளக்காத பனியாற்றுக்குப் போகலாம்.

கோடே இல்லாத வருடங்களை எப்படி எழுதுவது என்பது இப்போது அடிக்கடி எழும் கேள்வி. 2022இல் ஆல்ப்ஸில் குளிர்காலப் பனி குறைவு. மார்ச்சில் சகாராத் தூசி படிந்து பனியைக் கறுக்கவைத்தது. கோடையும் கொளுத்தியது. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் அந்த ஒரே வருடத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு பனிக்கட்டியை இழந்தன, அடுத்த வருடம் இன்னொரு 4 விழுக்காடு. பல பனியாறுகளில் வெண்பனி உச்சி வரை உருகிப்போனது. கணினி நிரல் கோட்டைத் தேடும், கிடைக்காமல் அந்த வருடத்தை வெற்றிடமாக விட்டுவிடும். மிக மோசமான வருடங்களே தொடரிலிருந்து விடுபட்டால் ஏற்றம் உண்மையைவிடக் குறைவாக வரும். அந்த இடத்தில் பனியாற்றின் உச்சி உயரத்தைப் போட்டு, ‘இதற்கும் மேல்’ என்று தனிக் குறி இடுங்கள். மான்–கெண்டால் சோதனை எண்களை வரிசைப்படுத்தி மட்டுமே பார்ப்பதால் இந்தக் குறியோடும் ஓடும். இப்படிப்பட்ட வருடங்களுக்குக் கூடவே, கடைசித் திட்டு வெண்பனி எந்தத் தேதிப் படத்தில் தெரிந்தது, எந்தத் தேதிப் படத்தில் தெரியவில்லை என்று இரண்டு தேதிகளையும் அட்டவணையின் இன்னொரு பத்தியில் பதிந்து வையுங்கள். ஆகஸ்ட் 5க்கே பனியிழந்த வருடமும் செப்டம்பர் 10இல் பனியிழந்த வருடமும் கோட்டின் உயரத்தில் ஒன்றாகவே தெரியும், ஆனால் வெறும் பனிக்கட்டி வெயிலில் கிடந்த நாள்கள் 36 வேறுபடும்.